68 நாள் விருந்தாளி

நாளை முற்பகல் இலங்கை மலைநாட்டு அட்டனில் கோச்சி, அதாவது ரயில், ஏற வேண்டும். சாயந்திரம் பையைக் கட்டி முடித்தபோது கனம் எவ்வளவு இருக்கும் என்று ஒரு சந்தேகம் வந்தது. விமானத்தில் 20 கிலோதான் அனுமதி. சின்னம்மா மகளான தங்கச்சி பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கொழுந்து நிறுக்கிற இடத்துக்கே போய்விட்டாள். தராசு 23 காட்டியது. "படங்குக்கும் தண்ணிக்கும் ரெண்டு கிலோ கழிச்சாலும் முழுப் பேரு இருக்கு அண்ணே" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

2024 தொடக்கத்தில், இந்தத் தோட்டத்தில் ஒரு நாளைக்கு 18 கிலோ தேயிலைக் கொழுந்து பறித்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, 1,000 ரூபாய். குறைந்தால் அரைப் பேர். நிறுக்கும்போது சாக்குப் படங்குக்கும் ஈரத்துக்கும் என்று கொஞ்சம் கழித்துவிடுவார்கள். வந்த முதல் நாளே எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு இது. பாதிப் பயணம் முடிந்த பிறகுதான் உறைத்தது. அந்தத் தாமதத்துக்குக் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

நான் கோத்தகிரிக்காரன். அங்கே சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை. அப்பாவும் அம்மாவும் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். ஊரில் எங்களைச் 'சிலோன்காரங்க' என்பார்கள். இங்கே வந்து இறங்கியதும் நான் 'இந்தியாக்காரர்' ஆகிவிட்டேன். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இங்கிருந்த இந்திய வம்சாவளி ஆட்களைப் பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன. எங்கள் குடும்பத்தில் அந்தக் கோடு அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் விழுந்தது. இந்தியப் பிரஜாவுரிமை கிடைத்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட அம்மா, 1973இல் அட்டன் ஸ்டேஷனில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போனாள். அந்த ரயிலுக்கு இங்கே அழுகைக் கோச்சி என்று பெயர். அம்மாவுக்கு அப்போது 17 வயது, பிளாட்பாரத்தில் நின்ற சின்னம்மாவுக்கு 12. கடிதம் 1983 வரை வந்தது. அப்புறம் கலவரம், யுத்தம், கப்பலும் நின்றுபோனது.

அம்மாவையும் கூப்பிட்டேன். வரவில்லை. "நீ போய்ப் பாத்துட்டு வா, இருக்காளான்னு" என்றதோடு சரி.

2024 ஜனவரி 9ஆம் தேதி கொழும்பில் இறங்கினேன். இந்தியர்களுக்கு அப்போது விசா இலவசம், ஆனால் 30 நாள்தான். நீட்டித்துத் தருவதாக ஓர் ஏஜென்ட் கேட்ட தொகையில் இன்னொரு முறை சென்னையிலிருந்து பறந்து வந்திருக்கலாம். கடைசியில் நானே குடிவரவுத் திணைக்களத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்தேன், கிடைத்தது. முதல் விசா தீர இரண்டு வாரம் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுகின்றன, அதனால் அன்றைய நிலவரத்தை அந்தத் தளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் போய்வந்த கதையை நம்ப வேண்டாம்.

ரயிலைப் பற்றி ஒன்று. மலைநாட்டுப் பாதையில் முன்பதிவுச் சீட்டு 30 நாளுக்கு முன்னால் திறந்த கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்துவிடுகிறது. அதற்காக மலைத்துப்போக வேண்டாம். நான் போனபோது கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் காலை 5.55க்குப் பொடி மெனிக்கே என்ற ரயில். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கி ஏறினேன், ஜன்னலே கிடைத்தது. நடுவழி ஸ்டேஷன்களில் ஏறினால் நின்றுகொண்டுதான் வர வேண்டும். எல்ல என்ற ஊர்ப் பக்கம் ரயில் கதவில் தொங்கிப் படம் எடுப்பதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, எனக்கு 47 வயது.

கையில் இருந்த ஆதாரம் மூன்று: முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, ஒரு போட்டோ, 1982இல் சின்னம்மாவுக்காக யாரோ எழுதிக்கொடுத்த கடிதத்தின் உறை. ஜெராக்ஸ் கடைக்காரன் என்பதால் எல்லாவற்றிலும் பத்துப் பத்து நகல். அம்மா சொன்ன தோட்டத்துப் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. இங்கே ஒரு தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று, சிங்களத்தில் ஒன்று, லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) ஜனங்கள் வைத்தது ஒன்று என்று மூன்று இருக்கும். அம்மாவுக்குத் தெரிந்தது மூன்றாவது மட்டும். நான் போனில் வரைபடத்தைத் திறந்துவைத்து வாரக்கணக்காக முதலாவதைத் தேடிக்கொண்டிருந்தேன். நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா என்று சுற்றியது அந்த நாட்களில்தான். பொங்கல் அன்று அட்டன் லாட்ஜில் தனியாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றேன். சிவனொளிபாத மலையும் ஏறினேன். 5,000க்கு மேல் படி, மூன்று நாள் முழங்கால் வலி. உச்சியில் சூரிய உதயம் நன்றாக இருந்தது என்பதற்கு மேல் என்னால் சேர்க்க ஒன்றுமில்லை.

வழி காட்டியது உறைதான். அதுவும் முகவரி இல்லை, அதன் மேலிருந்த முத்திரை. ஒரு டீக்கடையில் உறையைப் பார்த்த பெரியவர், "இதுல நோர்வூட் சீல் இருக்கே தம்பி, நீ ஏன் மஸ்கெலியாவுல தேடுற?" என்றார். பத்து நகல் எடுத்தவன் முத்திரையைப் படிக்கவே இல்லை. நோர்வூட்டில் இறங்கி, ஆங்கிலப் பெயரை விட்டுவிட்டு அம்மா சொன்ன பெயரையே பஸ் நடத்துநரிடம் சொன்னேன். "அதா, மேல இருக்கு" என்று கையைக் காட்டினார். அவ்வளவுதான், 19 நாள் தேடல்.

இந்த மாதிரி வேரைத் தேடி வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பது இங்கே வந்த பிறகு தெரிந்தது. அவர்களுக்குச் சொல்ல விரும்புவது: தோட்டத்து ஆபீஸுக்கு முதலில் போகாதீர்கள். நிர்வாகம் பல கை மாறியிருக்கும், பழைய பேரேடு இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. மாரியம்மன் கோயிலுக்குப் போங்கள். சுவரில் உபயக்காரர்கள் பெயரை எழுதி வைத்திருப்பார்கள், கோயிலைப் புதுப்பித்தாலும் அந்தப் பட்டியலைத் திரும்ப எழுதிவிடுவார்கள். இந்தக் கோயிலில் ஆறாவது வரியில் எங்கள் தாத்தா பெயர், பக்கத்தில் 'துறையூர்', 1969, ஒரு குத்துவிளக்கு. இலங்கையில் பிறந்து வளர்ந்து, துறையூரைக் கண்ணாலும் பார்க்காத மனுஷன். அடுத்து, தோட்டத்தின் பழைய தப்பால்காரரைப் பிடியுங்கள். யாருக்கு எங்கிருந்து கடிதம் வந்தது என்று அவர்களுக்கு மறக்காது. நான் பார்த்தவருக்கு 80 வயது இருக்கும். "கோத்தகிரியிலேருந்து வரும், நீலக் கடுதாசி" என்றார். அவர்தான் என்னைப் பக்கத்து டிவிசனுக்குக் கூட்டிப்போனார்.

சின்னம்மா இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று பெரியவர் சொன்னதும் எழுந்திருக்கவில்லை. புடைத்து முடித்தாள். அப்புறம் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்றாள்.

கையில் நான் கொண்டுபோனது ஒரு கிலோ கேரட். சிரிக்க வேண்டாம், அந்த ஜனவரியில் இலங்கையில் கேரட் கிலோ 2,000 ரூபாயைத் தொட்டது. நுவரெலியாவில் விளைகிற கேரட், அதைச் சுற்றியுள்ள தோட்டத்து ஜனங்களுக்கு ஒரு கிலோ இரண்டு நாள் கூலி. ஊட்டி கேரட்டை மாட்டுக்குப் போட்டுப் பார்த்தவன் நான். வீட்டில் யாரும் அதைச் சமைக்கவில்லை, பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று பச்சையாகவே கடித்தார்கள்.

ஒரு நாள் என்று போனவன் ஏழு வாரம் தங்கிவிட்டேன். வெள்ளைக்காரன் காலத்து லயம், 10க்கு 12 அடியில் ஒரு காம்பரா (அறை), முன்னால் இஸ்தோப்பு, பின்னால் இழுத்துக் கட்டிய குசினி (சமையற்கட்டு), மேலே தகரம். சின்னம்மா, அவள் மகள், மகளின் இரண்டு பிள்ளைகள். மருமகன் கொழும்பில் ஒரு கடையில் வேலை, மாதம் ஒரு தடவை வருவார். இஸ்தோப்பைப் பலகை வைத்து அடைத்து எனக்குக் கொடுத்தார்கள். நான் வரும்வரை அது பிள்ளைகள் படிக்கிற இடம் என்பது மூன்றாம் நாள் தெரிந்தது. கோத்தகிரிக்காரனுக்குக் குளிர் என்ன புதுசா என்று ஒரு ஸ்வெட்டரோடு வந்திருந்தேன். மாசிப் பனியில் தகரக் கூரை ராத்திரி முழுக்கச் சொட்டியது. சின்னம்மா தன் கறுப்புக் கம்பளியைக் கொடுத்தாள். அவள் அதற்குப் பிறகு எதைப் போர்த்தினாள் என்று நான் கேட்கவில்லை.

முதல் வாரத்தில் மூன்று தடவை கோழிக்கறி. நானும் ருசித்துச் சாப்பிட்டேன். தினமும் வேளைக்குப் பால் போட்ட தேத்தண்ணி எனக்கு மட்டும் வந்தது, மற்றவர்களுக்கு வெறுந்தேத்தண்ணியும் கையில் கொஞ்சம் சீனியும். அது அவர்கள் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் சின்னவன் என் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்குத்தான் கணக்குப் போட்டேன். கோழி கிலோ 1,200க்கு மேல். தங்கச்சி மாதம் 22 நாள் பேர் போட்டால் நல்ல மாதம், அதிலும் பிடித்தமெல்லாம் போய்த்தான் கைக்கு வரும். நான் ஒரு வாரத்தில் அவளுடைய நான்கைந்து நாள் கூலியைத் தின்றிருக்கிறேன்.

உடனே ஒரு முட்டாள்தனம் செய்தேன். லயத்துக்குக் கீழே இருக்கிற கடையில் சின்னம்மாவுக்குக் கொப்பி உண்டு. மாதம் முழுக்க சாமானை அதில் எழுதி வாங்கி, 10ஆம் தேதி சம்பளம் வந்ததும் அடைப்பார்கள். ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்றே முக்கால் இலங்கை ரூபாய் வருகிற காலம், என் கையில் காசு இருந்தது. யாருக்கும் சொல்லாமல் கடைக்குப் போய் மொத்தத்தையும் அடைத்து, கொப்பியில் கோடு போடச் சொல்லி, கையெழுத்தும் வாங்கிவிட்டு வந்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

அன்றைக்கு ராத்திரி சின்னம்மா எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் குசினியிலிருந்தே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "எங் கொப்பியில கோடு போட நீ யாரு? முப்பது வருசமா நான் அடைச்ச கொப்பி. இப்ப கடைக்காரன் என்னா நெனப்பான், இந்தியாவுல இருந்து ஆள் வந்து கட்டுற அளவுக்கு நான் கடனாளின்னுதானே?" நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் இந்தப் பயணத்தில் நான் சரியாகச் செய்த முதல் காரியம்.

உறவினர் வீட்டில் நீண்ட நாள் தங்கப்போகிறவர்கள் இதில் என்னைப் பின்பற்ற வேண்டாம். கையில் காசு கொடுப்பது, கடனை அடைப்பது, "நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்வது எல்லாம் வீட்டுக்காரரைச் சின்னவராக்குகிற வேலை. பிறகு நானாகக் கண்டுபிடித்தது, சாமானாகக் கொண்டுவந்தால் கோபம் இல்லை. அட்டனுக்குப் போகும்போதெல்லாம் கோதுமை மா, பருப்பு, நெத்தலி, ஒரு போத்தல் எண்ணெய் என்று தூக்கிவருவேன். "வழியில மலிவா இருந்துச்சு" என்று ஒரு பொய்யும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது பொய் என்று அவளுக்கும் தெரியும், ஆனால் அந்தப் பொய்க்கு மரியாதை உண்டு. பால் தேத்தண்ணியை நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருப்பதாகச் சொன்னதும் மறுவேளையே நின்றது. விறகு பிளந்தேன், பீலியில் தண்ணீர் பிடித்தேன். முதலில் பதறினார்கள். இரண்டாம் வாரம் குடத்தை அவர்களே என் பக்கம் தள்ளிவைத்தார்கள்.

டாக்டர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எனக்கு இரத்த அழுத்த மாத்திரை உண்டு. 30 நாளுக்குத்தான் எடுத்து வந்தேன். சீட்டில் இருந்தது கம்பெனி வைத்த பெயர் மட்டும், அந்தப் பெயரில் இங்கே எதுவும் இல்லை. ஊருக்குப் போன் போட்டு, மருந்துக்கடைத் தம்பியிடம் மூலப்பெயரைக் கேட்டு வாங்கி, அம்லோடிபின் என்று சொன்னதும் உடனே கிடைத்தது. கிளம்பும்போதே டாக்டரிடம் மூலப்பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உருப்படியாக என்னால் முடிந்தது, கடைசியில் பார்த்தால், என் தொழிலேதான். தங்கச்சியின் மூத்த மகளுக்கு மே மாதம் சாதாரண தரம் (ஓ.எல்.) என்கிற அரசுப் பொதுப் பரீட்சை. கடந்தகால வினாத்தாள் ஒரு கட்டு இந்த லயத்துக்கே ஒன்றுதான் இருந்தது, அது வீடு வீடாகச் சுற்றி ஓரம் கிழிந்து கிடந்தது. அதை அட்டனுக்குக் கொண்டுபோய், கடைக்காரப் பையனை எழுப்பிவிட்டு நானே மெஷின் முன்னால் நின்று, கிழிந்த ஓரம் விழாமல் தாளைச் சாய்த்து வைத்து, எட்டு செட் எடுத்தேன். இருபது வருஷத் தொழில் பழக்கம். பையன், "இந்தியாவுல இதுக்குப் படிப்பு இருக்கா அண்ணே?" என்று கேட்டான். எட்டுப் பிள்ளைகளும் இப்போது ஆளுக்கொரு செட் வைத்திருக்கிறார்கள். இதற்குச் சின்னம்மா எதுவும் சொல்லவில்லை. மறுநாள் சம்பலில் மாசிக் கருவாடு கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

படம் எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேயிலை மலையில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து பறிக்கிற காட்சியைப் படம் பிடிக்காமல் யாரும் இங்கிருந்து போவதில்லை. நானும் முதல் வாரம் எடுத்தேன். தங்கச்சி ஒரு நாள் கேட்டாள், "ரோட்டுல வண்டிய நிப்பாட்டி எடுக்குறாங்களே அண்ணே, அதெல்லாம் எங்க போகுது?" எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் அவளே குளித்து, தலை சீவி, பிள்ளைகளோடு கோயில் முன்னால் நின்று எடுக்கச் சொன்ன படம் ஒன்று இருக்கிறது. அட்டனில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். மலையில் எடுத்ததை அழித்துவிட்டேன்.

அக்காவும் தங்கையும் முதல் தடவை வீடியோவில் பேசியதைச் சொல்லாமல் விட்டால் ஊரில் கேட்பார்கள். 51 வருஷம். நான் போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன், அழுவார்கள் என்று. அழுகையெல்லாம் இரண்டு நிமிடம்தான். அதற்குப் பிறகு என் காதில் விழுந்தது: "அங்க கேரட் என்னா வெல?" "நாப்பது அம்பது போகும்." "அடிப்பாவி!" அரை மணி நேரம் காய்கறி விலை. வெங்காயம், தேங்காய், போஞ்சி எல்லாம் முடிந்து, தேயிலைக் கொழுந்துக்கு அங்கே கிலோவுக்கு என்ன தருகிறான் என்பது வரை போனது. இப்போது ராத்திரி ஏழு மணியானால் போன் என் கையில் இருப்பதில்லை. பெரிய விஷயம் எதையும் இன்னும் பேசியதாகத் தெரியவில்லை. தாத்தா எப்படிச் செத்தார் என்று அம்மா கேட்கவில்லை, சின்னம்மாவும் சொல்லவில்லை. அது என் வேலையும் இல்லை.

வெளியே தப்புச் சத்தம் கேட்கிறது. மாசிப் பிறை பார்த்துக் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றியிருக்கிறார்கள். பங்குனிப் பௌர்ணமிக்கு எரிப்பார்கள், அதற்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. என் விசா அதுவரை தாங்கும், விமான டிக்கெட் தாங்காது. மாற்றினால் அபராதம் என்கிறார்கள். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டுக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் அதிகம் கொடுக்க மனசு வரவில்லை. பயணத்தில் நான் மிச்சம் பிடித்த காசிலேயே இதுதான் எனக்கு வலிக்கிற காசு.

23 கிலோவில் மூன்று கிலோ குறைக்க வேண்டும். தேத்தூள் நான்கு கிலோ, ஒரு டஜன் ராணி சோப்பு, கம்பளி. என் ஸ்வெட்டரையும் இரண்டு பேண்டையும் பூட்ஸையும் வைத்துவிட்டுப் போகிறேன், மருமகனுக்குச் சரியாக இருக்கும். கம்பளியை எடுத்துவைக்கப் பார்த்தேன், சின்னம்மா திரும்பவும் பைக்குள் திணித்துவிட்டாள். "அக்காவுக்கு" என்றாள்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒரு சின்ன வேலை சொன்னாள். வழிக்கு ரொட்டி சுட வேண்டும், கடைக்குப் போய் ஒரு கிலோ மாவும் தேங்காயும் வாங்கி வா என்று. பர்ஸை எடுத்தேன். "அத வச்சிட்டுப் போ. கொப்பியில எழுதச் சொல்லு" என்றாள்.

கடையில் குண்டு பல்பு வெளிச்சத்தில் கடைக்காரர் மாவை நிறுத்துக் கட்டினார், தேங்காயைத் தட்டிப் பார்த்துக் கொடுத்தார். பழக்கத்தில் என் கையையே பார்த்தார். கை வெறுமனே இருந்தது. கொப்பியை எடுத்து, நான் கோடு போட வைத்த பக்கத்தைத் தாண்டி, புதுப் பக்கத்தில் பேனாவை வைத்தார்.

"சின்னம்மா கணக்குலயா?"

"ஆமா, எழுதுங்க" என்றேன்.